பதிமூன்றாவது கையெழுத்து

முயல் கூண்டின் தகரக் கூரைமேல் ஏறி நின்று, நடீனின் குளியலறை ஜன்னலை முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தான் யோரிஸ் காஸ்டெலைன். வயது அறுபத்தொன்று. கழுத்தில் நீல டை, காலில் பளபளக்கும் ஷூ. அவன் கனத்துக்குத் தகரம் நெளிந்தது. உள்ளே இரண்டு முயல்கள் ஒரே மூலையில் ஒடுங்கின.

"நடீன், நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும். தண்ணி சத்தம் கேக்குது. வெளிய வா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

நான் வேனின் என்ஜினை அணைக்காமல் தெருவில் காத்திருந்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்து. நண்பகல் பன்னிரண்டு வரைதான் நேரம். அதற்குள் ஒரு துரோகியைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் யோரிஸுக்கு இந்த உலகத்தில் போக இடம் இல்லை. அதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

என் பெயர் ஃபிர்மின். ஹாவர்கெர்க்கில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்துநான்கு வருடங்களாக யோரிஸின் கட்சிக்குக் கிளைச் செயலாளர். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நகராட்சித் தேர்தல் முடிந்திருந்தது. மொத்தம் இருபத்தைந்து கவுன்சிலர்கள். எங்களுக்குப் பதிமூன்று, வாலேர் ஸ்னூக்கின் கட்சிக்குப் பன்னிரண்டு. தனிப்பட்ட வாக்குகளில் யோரிஸுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. ஊரில் வேறு யாரும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

எங்கள் ஊரில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. இன்னாரை மேயராக்குங்கள் என்று ஒரு தாளில் பெயர் எழுதி, பதிமூன்று கவுன்சிலர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஞாயிறு மாலையே பங்குக் கோயில் கூடத்தில் எங்கள் பதிமூன்று பேரும் போட்டுவிட்டார்கள். தாள் என் வேனில் இருந்தது. பத்து மணிக்கு, பேண்டு வாத்தியத்துடன் போய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

எட்டரைக்கு நகராட்சி அலுவலகத்தில் ரொட்டி இறக்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். அலுவலகம் திறந்ததும் ஸ்னூக் வந்தானாம். ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போனானாம். உறைமேல் எழுதியிருந்ததை அவள் கண்ணாலேயே காட்டினாள். மேயராக வேண்டியவர், வாலேர் ஸ்னூக். கையெழுத்துகள், பதிமூன்று.

நான் ரொட்டிக்காரன். எண்ணிக்கையில் தப்பு வராது. அவர்களிடம் பதிமூன்று, எங்களிடம் பதிமூன்று. கூட்டினால் இருபத்தாறு. ஊரில் இருப்பதோ இருபத்தைந்து கவுன்சிலர்கள். எங்கள் ஆள் ஒருவர் இரண்டு தாளிலும் போட்டிருக்கிறார். அப்படிப் போட்டால் முதலில் வந்த தாள்தான் செல்லும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நண்பகலுக்குள் அந்த ஆள் நேரில் கவுன்ட்டருக்கு வந்து, என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது ரத்து. பன்னிரண்டு அடித்ததும் எல்லோர் முன்னிலையிலும் ஆணையர் உறையைப் பிரிப்பார். அதுவரை உள்ளே யார் யார் கையெழுத்து என்று ஈ எறும்புக்கும் தெரியாது.

யோரிஸ் வீட்டுக்குப் பறந்தேன். கன்னத்தில் பாதிச் சவர நுரையுடன் கதவைத் திறந்தான். சொன்னதும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பதிமூணா? நல்லா பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். மறுபடியும் அதையே கேட்டான். அவன் முகம் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டது. பிறகு சட்டென்று எழுந்து, மிச்ச நுரையைத் துண்டால் துடைத்து, அலமாரியைத் திறந்து அட்டைகள் அடுக்கிய இரண்டு மரப்பெட்டிகளை எடுத்து என் கையில் திணித்தான். பன்னிரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்றான். வண்டியை எடு என்றான்.

அப்படித்தான் நாங்கள் முதல் ஆளாக நடீன் வீட்டுக்கு வந்தோம்.

நடீன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். யோரிஸ் கூண்டைவிட்டு இறங்காமலே பெட்டியிலிருந்து ஒரு அட்டையை உருவினான். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் அவள் அண்ணன் அனுமதி இல்லாமல் கட்டிய கொட்டகை, அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று இவன் போட்ட போன், தேதி, நேரம். எல்லாவற்றையும் உரக்கப் படித்தான். வேலிக்கு மேலே இப்போது இரண்டு தலைகள்.

"மேயரே, நேத்து நான் ஒரே ஒரு தாள்லதான் கையெழுத்து போட்டேன். அது உங்க தாள்," என்றாள் நடீன். "கொட்டகையை இடிக்கணும்னா ஆளை அனுப்புங்க. மொதல்ல என் முயலு மேலேர்ந்து இறங்குங்க."

வேனில் ஏறியதும் யோரிஸ் ஒரு பெயரின் மேல் கோடு போட்டான். இவள் இல்லை என்றான். மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றேன். நேரம் இல்லை என்றான்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதில் கவுன்சிலரான நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் காப்பிக் கடையின் பின்னறையில் உட்காருவான் யோரிஸ். வெளியே வரிசை நிற்கும். ஒருத்திக்கு ஓய்வூதியம் வரவில்லை, ஒருவன் வீட்டுமுன் நடைபாதை உடைந்து கிடக்கிறது, ஒருவன் மகனுக்கு வாரிய வீடு வேண்டும். எல்லோருக்கும் ஒரு காப்பி, ஒரு போன், ஒரு அட்டை. செய்ததை எல்லாம் அட்டையில் குறித்துக்கொள்வான். தேர்தல் வரும்போது அந்த அட்டைகளே ஓட்டாக மாறின. முப்பத்தோரு வயதில் பொதுப்பணிகளைப் பார்க்கும் துணை மேயர். முப்பத்தேழில் மேயர். ஐம்பதாவது கல்யாண நாள் என்றால் அரசரின் வாழ்த்துக் கடிதத்துடன் இவன்தான் முதலில் வாசலில் நிற்பான். சாவு வீடு என்றால் கடைசியாகக் கிளம்புவதும் இவன்தான். அந்த விருந்துகளுக்கெல்லாம் என் கடை ரொட்டிதான் போகும், அதனால் எனக்குத் தெரியும்.

நாற்பத்துநான்கில் பிரஸ்ஸல்ஸுக்கு எம்.பி.யாகப் போனான். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். முதலில் தினமும் திரும்பி வந்தான். பிறகு வெள்ளிக்கிழமைகளில் வந்தான். பிறகு மத்திய இணை அமைச்சர் ஆனான். அரசு அலுவலகங்களில் படிவங்களையும் கையெழுத்துகளையும் குறைப்பதுதான் அவன் துறை. மேயர் பட்டத்தை அவன் விடவில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. வாசல் பலகையில் அவன் பெயர் இருக்கும், உள்ளே வேலையைப் பொறுப்பு மேயர் பார்ப்பார். எங்கள் நாட்டில் இது சகஜம்.

இந்த வருடம் எல்லாம் கவிழ்ந்தது. ஈஸ்டர் முடிந்த வாரம் கட்சி கூட்டணியைவிட்டு வெளியேறியது, இணை அமைச்சர் பதவி போனது. ஜூன் தேர்தலில் எம்.பி. பதவியும் போனது. கார் போனது, டிரைவர் போனான். மனைவி ஏற்கெனவே போயிருந்தாள். ஜூலையில் ஒரு நாள் என் கடைக்கு வந்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, "எனக்கு இந்த ஊரு மட்டும்தாண்டா மிச்சம்" என்றான். அவன் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதனால்தான் பொதி சுமக்கும் கழுதை மாதிரி அந்தத் திங்கட்கிழமை அவனை ஊரெல்லாம் ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து ரெமி. எழுபத்துநான்கு வயது விவசாயி. கால்வாய்க் கரையில் வெங்காயத்தாள் வயலில் முழங்காலளவு சேற்றில் நின்று, ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேரை அரிந்து பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். யோரிஸ் வரப்பில் நின்றபடியே அட்டையைப் படித்தான். ரெமியின் மகளுக்கு வீட்டு வாரியத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது. காற்றில் பாதி வார்த்தைகள் பறந்தன. மீதி பாதி அவர் காதில் விழுந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ரெமி கத்தியைப் பெட்டியில் வைத்தார். வயலைக் கடந்து சாலையோரம் போனார். அங்கே நட்டிருந்த பலகையில் யோரிஸ் ஒன்றரை ஆள் உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். அதை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். சுமந்து வந்து என் வேனின் பின்கதவைத் திறந்து, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே படுக்கப் போட்டார்.

"பதினெட்டு வருஷமா இதை நட்டுட்டு இருந்தேன்," என்றார் என்னிடம். யோரிஸைப் பார்க்கவே இல்லை. "உங்க தாள்ல நான் போட்ட கையெழுத்தையும் அடிச்சுடு ஃபிர்மின். வயசானவன், எங்க வந்து நிக்கணும்னு சொல்லு, வந்து நிக்கறேன்."

நான் கெஞ்சினேன். அவர் மறுபடி சேற்றில் இறங்கிவிட்டார்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வேனில் ஏறியதும் அதைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டவனைத் தேடப் போய், போடாதவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருக்கிறோம், இப்படியே போனால் நம்மிடம் தாள்தான் இருக்கும், பெயர் இருக்காது என்றேன். யோரிஸ் கேட்டதாகவே தெரியவில்லை. ஒரு கையில் போன், மறு கையில் அட்டை. வெறி பிடித்தவன்போல ஒவ்வொரு எண்ணாகத் தட்டினான். நான் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டுப் போன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தர் சிரித்தார். முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் பெண், நோயாளிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் திட்டுங்கள் என்று வைத்துவிட்டாள். நோட்டரி அலுவலகத்தில் வேலை செய்பவன், இந்தப் பேச்சு பதிவாகிறது என்று மரியாதையாகத் தெரிவித்தான். பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் அவர் மனைவியின் பழைய சமாசாரம் ஒன்றை எடுத்தான் யோரிஸ். நான் போனைப் பிடுங்கப் பார்த்தேன். முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டான். இந்த மனிதனுக்காகவா இருபத்துநான்கு வருடம் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தேன் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பதினொன்றாவது ஆள் மளிகைக்கடைக்காரர். அவர் கடைக்கே போனோம். ஷட்டரை எங்கள் முகத்துக்கு நேராக இறக்கினார்.

பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிச்சம். லுட்கார்ட்.

"அவதான்," என்றான் யோரிஸ். "ஆரம்பத்துலேர்ந்தே அவதான்."

அப்படியானால் முதலில் அவளிடமே போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நகராட்சி அலுவலகத்தை அடைந்தபோது பதினொன்று முப்பது. கீழே கூடம் நிரம்பியிருந்தது. பத்திரிகைப் போட்டோகிராபர்கள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் டிரம்பெட்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் பேண்டுக்காரர்கள், ஸ்னூக்கின் ஆட்கள். எங்கள் கவுன்சிலர்களும் வந்திருந்தார்கள், தூணோரம் கும்பலாக. நடீனின் தலையில் இன்னும் அந்தத் துண்டு இருந்தது. யோரிஸ் நுழைந்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் மாடி ஏறினான். கவுன்ட்டரிலிருந்து மேயர் அறைக்கு இருபத்திரண்டு படி.

லுட்கார்ட் எட்டு வருடமாகப் பொறுப்பு மேயர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, யோரிஸிடம் ஒப்படைக்க வேண்டிய கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகத் துண்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அட்டை எதுவும் இல்லை. அவள் அவனிடம் எதுவும் கேட்டதே இல்லை. அதனால் யோரிஸ் வெறும் வாயாலேயே ஆரம்பித்தான். இந்த நாற்காலிமேல் அவளுக்கு எப்போதும் கண் என்றான். நன்றி கெட்டவள் என்றான். கீழே வா, எல்லோர் முன்னாலும் எழுதிக் கொடு என்றான்.

அவள் கடைசிச் சீட்டையும் ஒட்டி முடித்தாள்.

"வெள்ளம் வந்தப்ப மூணு நாள் பூட்ஸைக் கழட்டாம நின்னேன். நீங்க பிரஸ்ஸல்ஸ்லேர்ந்து வந்து இருபது நிமிஷம் இருந்தீங்க. பேப்பர்ல உங்க போட்டோதான் வந்துச்சு. நான் ஏதாவது சொன்னேனா?"

யோரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஆகஸ்ட்ல ஸ்னூக் என் வீட்டுக்கு வந்தான். அவன் பக்கம் வந்தா பாதிக் காலம் எனக்கே மேயர் பதவின்னான். வாசலைக் காட்டினேன். அவனுக்குக் கோபமே வரல. சும்மா கேட்டு வச்சேன், உங்க கையெழுத்து இல்லாமலே எனக்குக் கணக்கு சரியா இருக்குன்னு சிரிச்சுட்டுப் போனான். நம்ம ஆளுங்கள்ல யாரையோ பிடிச்சுட்டான்னு உங்களுக்குப் போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா? ஸ்னூக் கதை விடறான், பயப்படாதேன்னீங்க."

யோரிஸ் மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தெட்டு. கதவைப் பார்த்தான். கைப்பிடிகளை ஊன்றிப் பாதி எழுந்தான். கீழிருந்து பேச்சுச் சத்தமும் யாரோ டிரம்பெட்டை ஊதிப் பார்க்கும் சத்தமும் வந்தன. மறுபடி உட்கார்ந்துவிட்டான். களைத்துப் போய்விட்டான் என்று நினைத்தேன். காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லையே.

லுட்கார்ட் என் பக்கம் திரும்பி, எங்கள் தாளைக் கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டாள். கொண்டுவந்திருந்தேன். வாங்கி, தன் பெயர்மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு கிழித்தாள். அருகில் சின்னதாகத் தேதி போட்டாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அதன்பின் இருபது நிமிடம் நானும் அவனும் மட்டும் அந்த அறையில் இருந்தோம். ஏதாவது செய்யலாம் யோரிஸ், யாரையாவது மறுபடி கேட்கலாம் என்றேன். அவன் உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒருமுறை மட்டும், கீழே எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று கேட்டான். ஊரே இருக்கிறது என்றேன்.

பன்னிரண்டு அடித்தபோது கூடத்தில் நின்றோம். ஆணையர் அம்மாள் காகிதக் கத்தியால் உறையைப் பிரித்தார். ஸ்னூக் சுவரில் மாட்டிய அரசரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணையர் பெயர்களைப் படித்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஸ்னூக்கின் பன்னிரண்டு பேர், ஒருவர்கூடக் குறையாமல். பதிமூன்றாவதில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். படிக்கவில்லை. தாளைத் திருப்பி, மேஜைமேல் யோரிஸின் பக்கமாக நகர்த்தினார்.

நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

மேலே இருந்த பன்னிரண்டு கையெழுத்தும் புத்தம்புது நீல மை. கடைசிக் கோட்டில் மட்டும் கறுப்பு மை, கொஞ்சம் வெளிறிப்போய். இருபத்துநான்கு வருடமாக எனக்கு வந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் பார்த்த கையெழுத்து அது. யோரிஸ் காஸ்டெலைன். அதற்குக் கீழே, அவனே தன் கையால் எழுதியிருந்தான்: மத்திய இணை அமைச்சர்.

அந்தப் பட்டம் அவனிடம் ஈஸ்டர் வரைதான் இருந்தது. அடுத்த அரசில் ஸ்னூக்கின் கட்சிதான் பெரிய கட்சி என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம் அது. அவர்கள் தயவில் முழு அமைச்சர் ஆகிவிடலாம், இனி இந்த ஊர் எதற்கு என்று யோரிஸ் நினைத்த காலம். மேலே பன்னிரண்டு கோடுகளை வெறுமையாக விட்டு, கடைசியில் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஊரை விற்றிருக்கிறான், எங்களையும் சேர்த்து. அப்போது எங்கள் பதிமூன்று பேர் யார் யார் என்றுகூடத் தெரியாது.

நடீன் தலைத்துண்டை எடுத்து மடித்தாள். யோரிஸ் மறுக்கவில்லை, கத்தவில்லை, ஸ்னூக்கைப் பார்க்கவும் இல்லை. என் கையைத் தேடிப் பிடித்தான்.

"எரிச்சுட்டாண்டா ஃபிர்மின்," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஜூலையில, அவன் வீட்டுத் தோட்டத்துல, என் கண்ணு முன்னாடி அந்தத் தாளை எரிச்சுக் காட்டினான்."